வேரை விடாத பிடில் இசை

வயலினும் பிடிலும் ஒரே கருவிதான். வாசிக்கும் மரபே வேறு. மேலைச் செவ்வியல் இசையில் அது வயலின்; அமெரிக்க நாட்டுப்புற இசையில் அது பிடில். அந்நாட்டுப்புற இசையிலிருந்து 1940களில் கென்டக்கியைச் சேர்ந்த பில் மன்றோ வளர்த்தெடுத்த வடிவமே 'புளூகிராஸ்'. மாண்டலின், பாஞ்சோ, கித்தார், பிடில் ஆகியன இதன் உயிர்நாடி.

இம்மரபின் புகழ்பெற்ற கலைஞர் அலிசன் கிராஸ். 1971இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் செவ்வியல் வயலின் கற்கத் தொடங்கினார். எனினும் அவர் மனம் நாடியது பிடில் இசையையே. எட்டு வயதிலேயே போட்டி மேடைகளில் ஏறினார். பதின்மூன்றாம் வயதில் கான்சாஸ் மாநிலத்து வால்நட் வேலி விழாவின் பிடில் போட்டியில் வாகை சூடினார். மறு ஆண்டே ரவுண்டர் என்னும் சிறு இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 1987இல் முதல் தொகுப்பு வெளிவந்தது. 1991இல் முதல் கிராமி விருது கிட்டியது.

1993இல் நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற 'கிராண்ட் ஓல் ஓப்ரி' மேடையில் உறுப்பினரானார். 29 ஆண்டுகளுக்குப் பின் அவ்விடம் பெற்ற முதல் புளூகிராஸ் கலைஞர் அவரே. 1995இல் வெளிவந்த தொகுப்பு இருபது இலட்சத்துக்கும் மேல் விற்றது.

பெரு நிறுவனங்கள் அழைத்தன. அவரோ தம்மைச் சிறுமியாக ஏற்றுக்கொண்ட ரவுண்டரை விட்டு நெடுங்காலம் அகலவில்லை. 'யூனியன் ஸ்டேஷன்' என்னும் தம் குழுவையும் கைவிடவில்லை. தனித்தொகுப்பு ஒன்று, குழுத்தொகுப்பு ஒன்று என மாறி மாறித் தந்தார். குழுவினர் பாடும்போது பிடிலோடு பின்னணியில் நிற்கவும் தயங்கவில்லை.

வேரை விடாமை புதுமைக்குத் தடையாகவும் இல்லை. ஆங்கிலேய ராக் பாடகர் ராபர்ட் பிளான்ட்டுடன் 2007இல் அவர் படைத்த தொகுப்பு, 2009இல் ஐந்து கிராமி விருதுகளை அள்ளியது. அவர் பெற்ற கிராமி விருதுகள் மொத்தம் 27. பெண் கலைஞருள் மிகுதியாகப் பெற்றவர் என்னும் சிறப்பு, 2021இல் பியான்சே முந்தும்வரை அவரிடமே இருந்தது.

2010இல் ரவுண்டர் கைமாறியது. அதனை நிறுவியவர்கள் பின்னர்ப் புதிய நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். 14 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2025இல் அலிசன் தம் குழுவோடு தந்த 'ஆர்கேடியா' தொகுப்பை வெளியிட்டது அந்நிறுவனமே.

பிள்ளையின் திறனைக் கண்டதும், 'எங்கே அனுப்பினால் விரைவில் புகழ் வரும்?' என்று நாம் கணக்கிடுகிறோம். அப்பிள்ளை எதை விரும்புகிறது, யாரோடு சேர்ந்து வளர்கிறது என்பதையும் ஆசிரியரும் பெற்றோரும் எண்ணிப் பார்த்தல் நலம்.