காலணி அணிந்த பின்கள வீரர்

ஆடிச் சாரலில் குற்றாலம் நனையும் நாள்களில், தென்காசிச் சிறுவர் ஈரத் திடலில் வெறுங்காலோடு பந்து உதைப்பதைக் காணலாம். எல்லாருக்கும் கோல் போடவே ஆசை. பின்னே நின்று காக்க எவரும் எளிதில் முன்வருவதில்லை.

அத்தகைய ஓர் ஆடி நாளில்தான், 1911 ஜூலை 29 அன்று, கல்கத்தாவில் ஐ.எப்.ஏ. கேடய இறுதி ஆட்டம் நடைபெற்றது. கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை மோகன் பகான் 2-1 என வென்றது. இந்திய அணியொன்று அக்கேடயத்தைப் பெற்றது அதுவே முதன்முறை. கோலடித்த சிப்தாஸ் பாதுரியையும் அபிலாஷ் கோஷையும் வரலாறு கொண்டாடிற்று. இடப்புறப் பின்களத்தில் நின்ற சுதிர் சட்டர்ஜியைப் பற்றியோ பெரும்பாலும் ஒன்றே சொல்லப்படுகிறது: பதினொருவரில் காலணி அணிந்தவர் அவர் ஒருவரே! எதிரணியை ஒரே கோலோடு நிறுத்தியதில் அவருக்குள்ள பங்கை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

அவர் கிறிஸ்தவர், கல்லூரி ஆசிரியர், பின்னாளில் திருப்பணியேற்று 'ரெவரெண்ட்' எனப்பட்டவர். கத்தோலிக்கரல்லர். எனினும், கிறிஸ்தவரை அந்நியர் எனப் பேசுவோர்க்கு இவரைவிடத் தக்க மறுமொழி எனக்குத் தெரியவில்லை. ஆட்சியாளரின் காலணியை அணிந்தே ஆட்சியாளரை வழிமறித்தார் அவர்.

ஆட்டம் முடிந்தபின் முதியவர் ஒருவர், வில்லியம் கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியைச் சுட்டி, அது எப்போது இறங்கும் என்று வீரர்களைக் கேட்டதாக வங்காளத்தில் ஒரு கதை வழங்குகிறது. கேட்கப்பட்டவர் சுதிரே என்பாரும் உளர்.