வான்கோழி இறகில் பிறந்த ட்யூப் ஃப்ளை

கொடுவா மீன் பிடித்தவர்களுக்குத் தெரியும், தூண்டில் முள் மாட்டியதும் அது நீரைவிட்டு எழும்பித் தலையை உதறும். பொய் இரை நீளமாகவும் கனமாகவும் இருந்தால் அந்த உதறலில் அதுவே நெம்பி முள்ளைக் கழற்றிவிடும். அடையாறு, முட்டுக்காடு முகத்துவாரங்களில் தூண்டில் போடுகிறவர்களின் தீராத வருத்தம் இது. ஸ்காட்லாந்தில் சால்மன் பிடித்தவர்களுக்கும் இதே வருத்தம் இருந்தது. அதற்குக் கிடைத்த விடைதான் ட்யூப் ஃப்ளை.

இறகையும் மயிரையும் முள்ளின் மேலேயே கட்டிய பொய் இரைதான் வழக்கமான ஃப்ளை. 1945 வாக்கில் அபர்தீன் நகரில், பிளேஃபேர் என்ற தூண்டில் கடையில் ஃப்ளை கட்டிவந்த மொராவ்ஸ்கி என்ற பெண்மணி வழக்கத்தை மாற்றினார். வான்கோழி இறகின் தண்டை நறுக்கிக் குழலாக்கி, அலங்காரத்தை எல்லாம் அதன் மேல் கட்டினார். தூண்டில் நரம்பு குழலுக்குள் நுழைந்து வெளியே வரும். அதன் நுனியில் தனியாக ஒரு சின்ன முள். மீன் கவ்வியதும் குழல் நரம்பில் மேலே ஏறிவிடும். வாயில் முள் மட்டும்தான் நிற்கும். நெம்புவதற்கு ஒன்றும் இருக்காது. இதைப் பார்த்த வில்லியம் மைக்கேல் என்ற மருத்துவர், தண்டுக்குப் பதில் ஆஸ்பத்திரியில் கழித்துப்போடும் ட்யூபை வைத்துப் பாருங்கள் என்றார். அது நிலைத்துவிட்டது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அந்த ஆஸ்பத்திரி ட்யூப்தான். அதற்கு முந்தைய சால்மன் ஃப்ளைகள் ஆடம்பரமானவை. நீலகிரி, ஆனைமலைக் காடுகளில் திரியும் நம் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு, மெழுகுச் சொட்டு விழுந்தாற்போன்ற புள்ளிகளுக்காகவே கப்பலேறியது. எத்தனை சேவல்கள் அதற்காக மாண்டன! 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தப் பறவையைத் தொட முடியாது. தொடவும் வேண்டாம். ட்யூப் ஃப்ளை கட்டக் கடைத்தெருவிலேயே எல்லாம் இருக்கிறது.

தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபிலில் மையைக் கழுவிவிட்டு மூன்று சென்டிமீட்டர் நறுக்குங்கள். இரண்டு முனைகளையும் தீக்குச்சியில் லேசாகக் காட்டினால் சின்ன விளிம்பு எழும்பும், நூல் வழுக்காது. கோணி ஊசியில் குழலைச் செருகி, ஊசியை மரக்கட்டையில் குத்தி நிறுத்துங்கள். முதலில் தையல் நூல் ஒரு சுற்று. அதன்மேல் கறிக்கோழிக் கடையில் கிடைக்கும் வெள்ளை இறகு, மடவைக் குஞ்சின் வயிறு மாதிரி பளபளக்கத் தி.நகர் தையல் சாமான் கடையில் வாங்கிய வெள்ளி ஜரிகை நாலைந்து இழை. நூலை இறுக்கி முடிந்து, முடிச்சின் மேல் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. பின்முனையில் சைக்கிள் வால்ட்யூப் துண்டு ஒன்றைச் செருகினால் முள்ளின் காது அதில் உட்கார்ந்து, வீசும்போது முள் ஆடாமல் நிற்கும். இழுக்கும்போது தானே கழன்றுகொள்ளும்.

உப்புத்தண்ணீரில் முள் துருப்பிடித்தால் முள்ளை மட்டும் மாற்றினால் போதும். கட்டிய ஃப்ளை வீணாகாது. கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி அறுக்கும் என்பதால், நரம்பின் கடைசி முழத்தைத் தடிமனாகப் போடுங்கள். ரீஃபில் ஓட்டை அதற்குத் தாராளம்.