வழித்துணை இல்லாத பயணி: திருவண்ணாமலை வருகைப் பதிவுகளும் அவற்றில் விடுபட்டோரும் (1896–1938)

யாத்திரிகர் வேறு, ஆன்மிகப் பயணி வேறு என்று கூறுவது வழக்கம். யாத்திரிகர் திதிக்கும் விரதத்திற்கும் கட்டுப்பட்டு, சுற்றத்தோடும் ஊராரோடும் செல்பவர். ஆன்மிகப் பயணியோ தம் வினாவை மட்டும் சுமந்துகொண்டு தனியே செல்பவர். இப்பாகுபாட்டின் பிற்பாதியை இக்கட்டுரை ஐயுறுகிறது. 1896 முதல் 1938 வரை திருவண்ணாமலைக்கு வந்த சிலரின் வருகைகளை ஒருங்கே வைத்து நோக்கினால், அத்தனித்த பயணி பெரும்பாலும் பயணம் முடிந்தபின் எழுதும் மேசையில்தான் பிறக்கிறார் என்பது புலனாகும்.

பழைய நிலப்படமும் புதிய இருப்புப்பாதையும்

மதுரையில் பயின்றுவந்த வேங்கடராமன் (பின்னாளில் ரமண மகரிஷி) 1896 ஆகஸ்டு 29 அன்று வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், உறவினர் ஒருவர் தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகக் கூறியபோதுதான், அப்பெயர் சென்று சேரக்கூடிய ஓர் ஊரைக் குறிக்கும் என்பதே அவருக்குத் தெரியவந்தது. தமையனின் கல்லூரிக் கட்டணமாகிய 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, எஞ்சிய 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துச் சென்றார். தந்தையின் ஆணைப்படி அவரைத் தேடிச் செல்வதாகக் கூறும் அக்கடிதம் 'நான்' என்று தொடங்கி, உடனே 'இது' என்று மாறி, கையெழுத்தின் இடத்தில் வெறுங்கோட்டுடன் முடிகிறது. தன்மை ஒருமை கரைந்துபோவதற்குச் சான்றாக இதனை உரையாசிரியர் பலர் விரித்துரைத்துள்ளனர். ஆனால் அதே கடிதம் கட்டணம் இன்னும் செலுத்தப்படவில்லை என்பதையும் மறவாமல் தெரிவிக்கிறது. பயண வரலாற்றை எழுத முற்படுவோருக்கு அவ்வரி முதன்மையானது.

அவர் பார்த்த நிலப்படம் பழையது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகச் செல்லும் புதிய இருப்புப்பாதை அதில் இல்லை. எனவே திண்டிவனமே அருகிலுள்ள நிலையம் என்று கருதி, 2 ரூபாய் 13 அணாவுக்குச் சீட்டு வாங்கினார். வண்டியில் உடன்வந்த மௌல்வி ஒருவரே விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும் என்று அவருக்கு எடுத்துரைத்தார். விழுப்புரத்தில் உணவுவிடுதிக்காரர் சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்தார். கையிருப்பு மாம்பழப்பட்டு வரைதான் போதுமானதாக இருந்தது. அங்கிருந்து அறையணிநல்லூருக்கு நடந்தார். பின்னர்க் கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதரிடம் காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் பெற்று, செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலையை அடைந்தார்.

துறவின் தூய வடிவமாகப் போற்றப்படும் இப்பயணத்தில் ஒரு மௌல்வியும் ஒரு விடுதிக்காரரும் ஒரு பாகவதரும் பங்கு பெற்றுள்ளனர். மௌல்வியின் பெயர் நமக்கு எட்டவில்லையெனினும், வாழ்க்கை வரலாறுகள் அவரை விட்டுவிடவில்லை. மரபுவழிப் பயணக் கதைகளுக்கு வழிகாட்டியவரை மறவாத பண்பு உண்டு.

அலுவல் நிமித்தம் வந்தோர்

தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை 1902-இல் அலுவல் காரணமாகத் திருவண்ணாமலைக்கு வந்தார். மலையில் இளந்துறவி ஒருவர் இருப்பதைக் கேள்வியுற்றுச் சென்று வினவினார். அக்காலத்தில் அத்துறவி பேசுவதில்லை. ஆகவே விடைகள் மணலிலும் பலகையிலும் தாளிலும் எழுதிக் காட்டப்பட்டன. பின்னர் 1923-இல் அச்சேறிய 'நான் யார்?' என்னும் சிறுநூல் இவ்வினாவிடைகளிலிருந்து உருவானதே. உள்ளூர் அரசு ஊழியர் ஒருவரின் அலுவல் பயணத்திலிருந்து அது பிறந்தது என்னும் செய்தி, அந்நூல் பேசப்படும் அளவுக்குப் பேசப்படுவதில்லை.

வேலூரில் காவல்துறைப் பணிக்கு வந்த ஆங்கிலேயர் ஃபிராங்க் ஹம்ப்ரீஸ் 1911-இல் வந்தார். அவருக்கு இந்திய மொழி கற்பித்த முன்ஷி நரசிம்மையா முதலில் அவரைக் காவ்யகண்ட கணபதி முனிவரிடம் அழைத்துச் சென்றார். அங்கிருந்தே அவர் மலைக்கு வந்தார். ஹம்ப்ரீஸ் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதங்கள் அங்கே ஓர் இதழில் அச்சாயின. ஆக, மேலைநாட்டு வாசகருக்குத் திருவண்ணாமலை அறிமுகமானதற்குப் பின்னால் ஒரு மொழியாசிரியர் இருக்கிறார்.

மலைக்கு வருவோர் பெருகியபோது வருவாய் பற்றிய வழக்கும் எழுந்தது. விரூபாட்ச குகையில் ரமணர் வாழ்ந்த காலத்தில் (1899–1916), குகைக்கு உரிமை கொண்டாடிய மடத்தார் கார்த்திகைத் திருவிழாவின்போது வருவோரிடம் கட்டணம் பெற முற்பட்டனர். அவர் குகையைவிட்டு வெளியேறி மரத்தடியில் அமர்ந்தார். கட்டண எல்லை மரத்தையும் உள்ளடக்கி விரிந்தது. அவர் வேறொரு குகைக்கு மாறினார், கூட்டம் அவரைப் பின்தொடர்ந்தது, வருவாய் நின்றது. இறுதியில் கட்டணமின்றியே அவரைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. தரிசனத்திற்கு விலை குறிக்கும் முயற்சி அயல்நாட்டுப் பயணிகளோடு வந்தது என்று கருதுவோர் இந்நிகழ்ச்சியைக் கருத்தில் கொள்ள வேண்டும். அவர்கள் திரளாக வருவதற்கு வெகுமுன்னரே, உள்ளூர் யாத்திரிகரை நம்பி, உள்ளூர் மடம் ஒன்று அதனைச் செய்தது.

'மறைவான' இந்தியா

ரஃபேல் ஹர்ஸ்ட் என்னும் இயற்பெயர் கொண்ட பால் பிரண்டன் 1931-இல் வந்தார். அவருடைய 'எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா' 1934-இல் லண்டனில் வெளியாகி, திருவண்ணாமலையை உலகப் பயணிகளின் வரைபடத்தில் சேர்த்தது. அந்நூலின் சிறப்பை மறுப்பதற்கில்லை. மலையடிவாரத்து மண்டபத்தில் மௌனமாக அமர்ந்திருந்த நேரத்தை அவர் விவரிக்கும் பகுதி இன்றும் படிப்போரை ஈர்க்கிறது. எனினும் 'மறைவான' என்னும் அடைமொழி எவர் நோக்கில் பொருந்துகிறது? அவ்வாண்டுக்குள் ஹம்ப்ரீஸ் கடிதங்கள் அச்சாகி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பி.வி.நரசிம்மசாமி எழுதிய ஆங்கில வாழ்க்கை வரலாறு அதே 1931-இல் வெளிவந்தது. 1922-இல் மறைந்த அன்னை அழகம்மாளின் சமாதியைச் சுற்றி ஆசிரமம் வளர்ந்திருந்தது. இருப்புப்பாதையோ அதற்கும் மூத்தது.

பிரண்டனுக்கு வழிகாட்டியோரும் பலர். சென்னையில் அவரைத் தேடிவந்து அழைத்தவராக நூலில் 'சுப்ரமண்யா' வருகிறார். எழுத்தாளர் கா.சீ.வேங்கடரமணி செங்கல்பட்டில் காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதியிடம் அவரை அழைத்துச் சென்றார். மகரிஷியைக் காணாமல் தென்னிந்தியாவைவிட்டு நீங்க வேண்டாம் என்று ஆச்சாரியார் அறிவுறுத்தினார். இவை நூலிலேயே உள்ளன. முதல் வருகையில் பிரண்டனுடன் சென்றவராகப் பிற பதிவுகள் குறிப்பிடுபவர், முன்னாள் படை அதிகாரியும் இரங்கூனில் ஆங்கில ஆசிரமத்தை நிறுவியவருமான பௌத்தத் துறவி பிரஜ்ஞானந்தர். கதையின் திருப்புமுனையில் இவருக்கு இடமில்லை. மேலைநாட்டுத் தேடுநர் ஒருவரே என்றால் கதை கூர்மை பெறுகிறது. இருவர் என்றால் அது ஆசிரம வருகைப் பதிவேட்டின் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். இதனைப் பொய் என்று கூற இயலாது. தேடல் கதை என்னும் இலக்கிய வகையின் நிபந்தனை இது.

1938-இல் வந்த சாமர்செட் மாம் இவ்வகைமையின் மறுபக்கத்தைக் காட்டுகிறார். ஆசிரமத்தில் அவர் மயங்கி விழ, மகரிஷியே அவரிருந்த இடத்திற்கு வந்து அருகில் அமர்ந்தார். அம்மயக்கம் சமாதிநிலை என்று பின்னர்ப் பரவிய கதையை, தமக்கு அதற்கு முன்பும் மயக்கம் வந்ததுண்டு என்று கூறி மாம் ஏற்க மறுத்தார். 1944-இல் வெளியான 'த ரேசர்ஸ் எட்ஜ்' புதினத்தில் அவர் படைத்த ஆசிரமம் திருவிதாங்கூரில் அமைந்தது. நேர்மையான ஐயமும் துணிந்த புனைவும் ஒரே வருகையிலிருந்து பிறந்தன.

பேசிய மொழியும் பதிந்த மொழியும்

தமிழாய்வாளருக்கு இதில் நேரடியான இழப்பு ஒன்று உண்டு. 1935 முதல் 1939 வரை மண்டபத்தில் நிகழ்ந்த உரையாடல்களை முனகால வேங்கடராமையா ஆங்கிலத்தில் பதிவு செய்தார். விடைகள் பெரும்பாலும் தமிழிலோ தெலுங்கிலோ மலையாளத்திலோ கூறப்பட்டவை. பயணிகள் பலர் ஆங்கிலத்தில் வினவியதாலும், வாசகரும் அம்மொழியினராகவே எண்ணப்பட்டதாலும், பதிவு ஆங்கிலத்தில் அமைந்தது. இன்று நாம் தமிழில் படிக்கும் அந்நூல் ஆங்கிலத்தின் மொழிபெயர்ப்பு. தமிழில் கூறப்பட்டவை ஆங்கிலத்திற்குச் சென்று தமிழுக்குத் திரும்பியுள்ளன. அதில் இடம்பெறும் ஒரு சொல்லை மகரிஷியின் சொல்லாட்சியாகக் கொண்டு ஆய்வுரை எழுதுவோர் இதனை நினைவிற் கொள்வதில்லை; இக்கட்டுரையாளரும் முதலாண்டு ஆய்வில் அப்பிழையைச் செய்து, நெறியாளர் சுட்டிக்காட்டியபின் ஓர் இயலையே நீக்க நேர்ந்தது.

'நான் யார்?' நூலுக்கு இந்நிலை நேரவில்லை. அதன் வினாக்களும் விடைகளும் தொடக்கம் முதலே தமிழில் எழுதப்பட்டவை. வினவியவர் அலுவலாக ஊருக்கு வந்த தமிழர். விடை கூறியவர் வாய் திறக்கவில்லை. மண்டபத்துப் பேச்சைவிட மணலில் எழுதப்பட்ட தமிழே பிழைத்திருக்கிறது.