மறுவாரமா, கூடுதல் நேரமா? ஆஸ்திரேலியக் கால்பந்தில் சமநிலை

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் முதன்மைத் தொடரில் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிப்போட்டி மூன்று முறை சமநிலையில் முடிந்துள்ளது: 1948, 1977, 2010. மூன்று முறையும் ஒரு வாரம் கழித்து, அதே மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் மறுஆட்டம் நடைபெற்றது.

இவ்விளையாட்டில் நடுக்கம்பங்களின் ஊடே பந்தை உதைத்தால் கோல், 6 புள்ளிகள். சற்றே விலகிப் பக்கக் கம்பத்துக்கு உட்புறமாகச் சென்றால் பிஹைண்ட், 1 புள்ளி. 1948இல் எசென்டன் 7 கோல், 27 பிஹைண்ட். மெல்பர்ன் 10 கோல், 9 பிஹைண்ட். இரண்டும் 69. 34 முறை புள்ளி ஈட்டிய அணியும் 19 முறை மட்டுமே ஈட்டிய அணியும் சமமாயின. மறுஆட்டத்தில் மெல்பர்ன் 39 புள்ளி வேறுபாட்டில் வென்றது. 1977இல் காலிங்வுட்டும் நார்த் மெல்பர்னும் தலா 76; மறுஆட்டத்தில் நார்த் மெல்பர்ன் 27 புள்ளிகளில் வென்றது.

2010இல் காலிங்வுட்டும் செயின்ட் கில்டாவும் தலா 68. செயின்ட் கில்டா வென்ற ஒரே பட்டம் 1966இல், இதே காலிங்வுட்டை ஒரு புள்ளியில் வீழ்த்திப் பெற்றது. மீண்டும் பட்டத்தின் வாசலில் நின்ற அவ்வணி, மறுவாரம் 56 புள்ளிகளில் தோற்றது.

மூன்று மறுஆட்டங்களில் ஒன்றுகூட நெருக்கமாக முடியவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மறுஆட்டம் முந்தைய போட்டியின் தொடர்ச்சியன்று. ஒரு வார ஓய்வும் சிந்தனையும் உருவாக்கிய வேறொரு போட்டி. அன்றைய சமநிலையை அது தீர்க்கவில்லை; ஒதுக்கிவைத்தது.

மாற்றத்திற்கான முதல் அழுத்தம் இறுதிப்போட்டியிலிருந்து வரவில்லை. 1990இல் காலிங்வுட்டுக்கும் வெஸ்ட் கோஸ்ட்டுக்கும் இடையிலான தகுதிச்சுற்று ஆட்டம் சமமாகி, தொடர் முழுவதும் ஒரு வாரம் தள்ளிப்போனது. 1991 முதல் பிற இறுதிச்சுற்று ஆட்டங்களுக்குக் கூடுதல் நேரம் விதியாயிற்று. இறுதிப்போட்டி மட்டும் விலக்காக நின்றது. 2016இல் அவ்விலக்கும் நீங்கியது. பெர்த், அடிலெய்டு, சிட்னி, பிரிஸ்பேன் அணிகளும் ஆடும் தேசியத் தொடரில், ஒரு மாநிலத்து அணிகளின் காலத்தில் உருவான வழக்கத்தைக் காப்பது எளிதன்று.

2025 வரை புதிய விதி இறுதிப்போட்டியில் சோதிக்கப்படவில்லை. சோதிக்கப்படும் நாளில், வெற்றியாளர் அன்றைய களைப்பினூடே, அதே களத்தில் கண்டறியப்படுவார். அது கூடுதல் நீதியா என்பது விவாதத்திற்குரியது. எனினும், சமநிலையைத் தீர்க்கும் விதி வெறும் நடைமுறை விதியன்று. வெற்றி எதை அளக்கிறது என்பதற்கு ஒரு விளையாட்டு தரும் விளக்கம் அது.