கொத்தனார் மகனும் பூமியின் காந்தமும்

பிறந்த நாள் எதுவென்று நம் பாட்டிமாரைக் கேட்டால், "ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு எட்டு நாளைக்கு முன்னே" என்பது போன்ற விடையே கிடைக்கும். குறித்து வைக்க வீட்டில் எழுத்தறிந்தோர் இருந்ததில்லை.

ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் 1777ஆம் ஆண்டு பிறந்த கணித மேதை கார்ல் பிரீட்ரிக் காஸ் அவர்களின் கதையும் இதுவே. அவருடைய அன்னைக்கு எழுதத் தெரியாது. இயேசுநாதர் விண்ணேறிய திருநாளுக்கு எட்டு நாள் முன்பு, ஒரு புதன்கிழமையில் மகன் பிறந்தான் என்பது மட்டுமே அவருக்கு நினைவிருந்தது. மகனே பின்னர் கணக்கிட்டு, அந்நாள் ஏப்ரல் 30 என்று கண்டறிந்தார்.

தந்தை கொத்து வேலையும் தோட்ட வேலையும் செய்து பிழைத்தவர். மகனும் அவ்வழியே சென்றிருக்கக் கூடும். பள்ளியில் அவருடைய அறிவை ஆசிரியர்கள் கண்டுகொண்டனர். 1791 முதல் அந்நாட்டுக் கோமகன் படிப்புச் செலவை ஏற்றார். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று நம் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றதை இங்கே நினைவுகூர்கிறோம். காஸ் அறிந்தது வறுமையை மட்டுமே. அண்ணலோ வறுமையோடு தீண்டாமையையும் கடந்தார்.

காஸ் 1807இல் கோட்டிங்கன் வானாய்வகத்தின் தலைவரானார். 1831இல் இளம் இயற்பியலாளர் வெபர் அங்கு வந்து சேர்ந்தபின், இருவரும் பூமியின் காந்தத்தை ஆராய்ந்தனர். காந்த விசையை நீளம், நிறை, காலம் ஆகிய அளவுகளாலேயே அளக்கும் முறையை 1832இல் காஸ் வகுத்தார். இரும்பு கலவாத ஆய்வுக்கூடம் ஒன்று எழுந்தது. பல நாட்டு ஆய்வகங்கள் குறித்த நாட்களில் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அளவெடுத்தன. அவ்வாறு பலரும் திரட்டிய அளவுகளைக் கொண்டு, திசைகாட்டி ஊசியைத் திருப்பும் விசை பெரும்பாலும் பூமியின் உள்ளிருந்தே எழுகிறது என்று 1839இல் கணிதத்தால் நிறுவினார். அவர் வகுத்த கணித முறையே இன்றைய உலகக் காந்த வரைபடங்களுக்கும் அடிப்படை.

இந்த ஆராய்ச்சி நம் மலைத்தொடருக்கும் வந்தது. காஸ் மறைந்த 1855ஆம் ஆண்டிலேயே, திருவனந்தபுரம் வானாய்வகத்தின் ஜான் ஆலன் பிரௌன், அகத்தியர் மலையின் உச்சியில் காந்த ஆய்வுக்கூடம் அமைத்தார். காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழகத்தின் வழியே செல்வதே நம் பகுதியின் சிறப்பு. தாராளமாக அசையும் காந்த ஊசி இங்கே ஏறத்தாழக் கிடைமட்டமாக நிற்கும். நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகற்பொழுதில் பாயும் மின்னோட்டத்திற்கு 1951இல் பெயரிட்டவரும் சிட்னி சாப்மன் என்னும் கணித அறிஞரே. நெல்லைக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் அதனை ஆராயும் மைய அரசின் ஆய்வகம் உள்ளது. இராஜபாளையத்திலிருந்து அது ஒரு நாளில் போய்த் திரும்பும் தொலைவுதான்.

இளைஞர்களே! கோமகனின் கருணை தற்செயலாக வந்தது. அது வராத குடிசைகளில் எத்தனை காஸ்கள் செங்கல் சுமந்தே மாண்டனரோ, அறியோம். ஒரு மன்னரின் மனத்தை நம்பியிராமல், நம் மக்களின் உழைப்புக் காசைச் சேர்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்காகவே நம் கழகம் தோன்றியது. இந்த வெள்ளி விழாவில் நாம் ஏற்கும் உறுதி இதுவே: நம் தெருவில் எந்தப் பிள்ளையின் கணக்கும் பாதியில் நிற்கக் கூடாது.