கிரேக்கர் என்போர் யார்? - இனத் தோற்றமும் எழுத்தின் தோற்றமும்

ஐரோப்பிய நாகரிகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்த அறிஞர் பலரும் கிரேக்கரிலிருந்தே தமது வரலாற்றைத் தொடங்குவது மரபாக இருந்து வந்துள்ளது. தத்துவம், நாடகம், மக்களாட்சி, வரலாற்றெழுத்து ஆகிய யாவும் அவர்களிடமே பிறந்தன என்பது நெடுங்காலம் நிலவிய கருத்தாகும். ஆயின், தொடக்கம் எனக் கொள்ளப்பட்ட கிரேக்கருக்கும் ஒரு தொடக்கம் இருந்திருத்தல் வேண்டும். கிரேக்கர் எப்போது தம்மைக் கிரேக்கர் என உணர்ந்தனர்? அவர்கள் எழுதிய எழுத்து எங்கிருந்து வந்தது? இவ்விரு வினாக்களும் இன்றும் விவாதத்துக்குரியனவாகவே உள்ளன. இவை வெவ்வேறு துறை சார்ந்த வினாக்கள் போலத் தோன்றினும் உண்மையில் ஒன்றோடொன்று பிணைந்தவை. கிரேக்கரைக் கலப்பற்ற ஓர் இனமாகக் காண விழைந்தோர் அவர்தம் எழுத்தையும் அவர்களுக்கே உரியதாகக் காட்ட முயன்றமை இப்பிணைப்பைப் புலப்படுத்தும்.

பெயரும் இன உணர்வும்

'கிரேக்கர்' என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. அது உரோமர் இலத்தீன் மொழியில் வழங்கிய பெயரிலிருந்து பிறந்தது. கீழைத்தேயத்தவரோ சின்னாசியாவின் மேற்குக் கரையில் வாழ்ந்த அயோனியரையே முதலில் அறிந்தனர். ஆதலின் அப்பிரிவினரின் பெயரால் அனைவரையும் அழைத்தனர். பாரசீகரின் 'யௌன', வடமொழியின் 'யவன', சங்க இலக்கியங்களில் வரும் 'யவனர்' ஆகிய சொற்கள் இவ்வழி வந்தனவே. கிரேக்கர் தம்மை 'எல்லேனியர்' என்றனர். இப்பெயரும் தொடக்கத்திலிருந்தே அனைவருக்கும் பொதுவாக இருந்ததன்று என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

ஹோமரின் காவியங்களில் திரோய் நகரை முற்றுகையிட்டோர் ஆக்கேயர், ஆர்கைவர், தனாவர் என்றே பெரிதும் அழைக்கப்படுகின்றனர். 'எல்லேனியர்' என்பது இலியட் காவியத்தில் அக்கிலீசின் ஆட்சிக்குட்பட்ட பிதியாப் பகுதியைச் சார்ந்த சிறு பிரிவினரையே குறிக்கின்றது. இதனை முதலிற் சுட்டிக்காட்டியவர் இக்கால ஆய்வாளர் அல்லர், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் தூசிடைடிஸ் ஆவார். ஹோமர் 'கிரேக்க மொழி பேசாத அயலார்' என்ற பொருளுடைய 'பார்பரோய்' என்னும் சொல்லையும் ஆளவில்லை எனக் கண்ட அவர், எதிர்நிலையில் நிறுத்தப் பிறர் இல்லாதபோது பொதுப்பெயரும் எழவில்லை என விளக்கினார். தம்மவர் யாவர் என்ற உணர்வு பிறர் யாவர் என்ற உணர்வுடன் சேர்ந்தே வளர்கின்றது என்னும் இக்காலச் சமூகவியற் கருத்து, இவ்விளக்கத்தில் ஏறத்தாழ இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டது எனலாம்.

பாரசீகப் படையெடுப்புகள் நிகழ்ந்த கி.மு. 490 தொடக்கம் கி.மு. 479 வரையான காலப்பகுதி இவ்வுணர்வை உறுதிப்படுத்தியது. ஹெரோடோட்டஸ் தமது நூலின் எட்டாம் பகுதியில், ஏதென்சு மக்கள் பாரசீகருடன் உடன்பாடு செய்ய மறுத்தமைக்குக் கூறிய காரணங்களை எடுத்துரைக்கின்றார். இரத்த உறவு, பொது மொழி, பொதுவான கோயில்களும் பலிகளும், ஒத்த வழக்கங்கள் என்பனவே அவை. கிரேக்க இன அடையாளத்துக்குக் கிடைத்த முதல் வரைவிலக்கணமாக இதனை ஆய்வாளர் கொள்வர். ஆயினும் அதே ஹெரோடோட்டஸ், ஏதென்சு மக்கள் ஆதியில் கிரேக்க மொழி பேசாத பெலாஸ்கியர் என்றும், பின்னரே எல்லேனியராகி மொழியையும் மாற்றிக்கொண்டனர் என்றும் தமது முதற் பகுதியிற் கூறுகின்றார். அவரது கருத்துப்படி கிரேக்கராகப் பிறப்பது மட்டுமன்றிக் கிரேக்கராவதும் இயல்வதே. கி.மு. 380 அளவில் இசோக்கிரேட்டிஸ் இன்னும் ஒருபடி சென்று, அப்பெயர் பிறப்பினைவிடக் கல்வியினையும் பண்பாட்டினையுமே குறிக்கின்றது என்றார். யொனதன் ஹோல் 1997இலும் 2002இலும் வெளியிட்ட நூல்களில் இச்சான்றுகளை விரிவாக ஆராய்ந்து, வழிமரபை அடிப்படையாகக் கொண்ட அடையாளம் பண்பாட்டை அடிப்படையாகக் கொண்ட அடையாளமாகப் படிப்படியே மாறியது என நிறுவ முயன்றுள்ளார்.

மறைந்த முதலெழுத்து

இன உணர்வு பிற்பட்டது எனின் மொழியின் பழைமை யாது? இவ்வினாவுக்கு விடை கிடைத்த வரலாறு சுவையானது. 1900ஆம் ஆண்டு கிரேத்தாத் தீவின் நொசோசில் அகழ்வாய்வைத் தொடங்கிய ஆதர் எவன்ஸ், களிமண் ஏடுகள் பலவற்றைக் கண்டெடுத்தார். அவற்றிற் காணப்பட்ட எழுத்துகளை நேர்கோட்டெழுத்து 'அ', நேர்கோட்டெழுத்து 'ஆ' என அவர் வகுத்தார். மினோவர் எனத் தாம் பெயரிட்ட மக்கள் கிரேக்கர் அல்லர் என்பதிலும், அவர்களே அக்காலக் கிரேக்க நாட்டையும் ஆண்டனர் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். 1939இல் கார்ள் பிளேகன் கிரேக்கப் பெருநிலப்பரப்பிலுள்ள பைலோசில் இரண்டாம் வகை ஏடுகளைப் பெருந்தொகையாகக் கண்டெடுத்தபோதும் எவன்சின் செல்வாக்குக் குறையவில்லை.

அமெரிக்க அறிஞரான அலிஸ் கோபர் சொல்லிறுதிகளின் மாற்றங்களை ஒப்பிட்டு அமைத்த அடித்தளத்தின் மீது, கட்டடக்கலைஞரான மைக்கல் வென்றிஸ் தமது முயற்சியை மேற்கொண்டார். அவரும் அம்மொழி கிரேக்கமாக இராது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார். எனினும் 1952 ஜூலை மாதம் பி.பி.ஸி. வானொலியில், நேர்கோட்டெழுத்து 'ஆ'வின் மொழி கிரேக்கமே என அறிவித்தார். ஜோன் சட்விக் என்னும் மொழியியலாளர் அவருடன் இணைந்து அம்முடிவை நிலைநாட்டினார். இதனால் கிரேக்க மொழியின் எழுத்துச் சான்று ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டதாயிற்று. சியுஸ், ஹேரா, பொசைடன் ஆகிய தெய்வங்களின் பெயர்கள் அவ்வேடுகளிற் காணப்பட்டன. பிற்காலத்தில் அயல்நாட்டிலிருந்து வந்தவன் எனப் பலர் கருதிய தயோனிசசின் பெயரும் அங்கு இருந்தது.

இவ்வெழுத்து ஏறத்தாழ 87 அசைக் குறிகளைக் கொண்டது. இன்றுவரை படித்தறியப்படாத நேர்கோட்டெழுத்து 'அ'விலிருந்து இரவல் பெறப்பட்டமையால் கிரேக்க ஒலிகளுக்கு அது நன்கு பொருந்தவில்லை. ரகர லகரங்களை அது வேறுபடுத்தவில்லை. மெய்ம்மயக்கங்களை எழுதவும் இயலவில்லை. நொசோஸ் என்னும் ஊர்ப்பெயர் 'கோ-நோ-ஸோ' என எழுதப்பட்டமை இதற்கு எடுத்துக்காட்டாகும். அரண்மனை எழுத்தர் ஆடுகளையும் வெண்கலத்தையும் எண்ணெயையும் கணக்கிட மட்டுமே அதனைப் பயன்படுத்தினர். ஆகவே கி.மு. 1200 அளவில் அரண்மனைகள் அழிந்தபோது எழுத்தும் உடனழிந்தது. அதன் பின் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் கிரேக்கப் பெருநிலப்பரப்பில் எழுத்துச் சான்று எதுவும் இல்லை. மொழி மட்டும் தொடர்ந்து வாழ்ந்தது.

பீனீசியர் தந்த எழுத்து

இரண்டாவது எழுத்தின் வரவு பற்றிப் பண்டைய கிரேக்கரிடையே கருத்தொற்றுமை இருக்கவில்லை. கட்முசுடன் வந்த பீனீசியர் எழுத்தைக் கொணர்ந்தனர் என்றும், அதனாலேயே அது 'பீனீசியம்' எனப்பட்டது என்றும் ஹெரோடோட்டஸ் கூறினார். வேறு சிலர் பலமீடிஸ் என்னும் வீரனையும் புரமீதியசையும் எழுத்தின் கர்த்தாக்களாகக் கொண்டனர். எழுத்தைப் பீனீசியர் கண்டுபிடிக்கவில்லை, அதன் வடிவத்தை மாற்றியமைத்தனர் மட்டுமே என்ற கிரேத்தாவினரின் வாதத்தைத் தியோதொரஸ் எடுத்துரைக்கின்றார். கி.பி. 1ஆம் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியரான யோசீபஸ், கிரேக்கர் எழுத்தைப் பிந்தியே கற்றனர் என்பதைக் காட்டி அவர்தம் பழைமைப் பெருமையைக் குறைக்க முயன்றார். எழுத்தின் பழைமையை இனப்பெருமையின் அளவுகோலாகக் கொள்ளும் போக்கு அன்றே தோன்றிவிட்டது.

இவற்றுள் ஹெரோடோட்டசின் கூற்றுக்கே சான்றுகள் துணைநிற்கின்றன. அல்பா, பீற்றா, காமா, தெல்தா என்னும் பெயர்களுக்குக் கிரேக்கத்திற் பொருளில்லை; செமித்திய மொழிகளில் 'அலெப்' எருதையும் 'பெத்' வீட்டையும் குறிக்கும். எழுத்துகளின் வரிசைமுறை இரண்டிலும் ஒன்றே. தொடக்ககாலக் கிரேக்க எழுத்துகளின் வடிவங்கள் பீனீசிய வடிவங்களை ஒத்துள்ளதோடு, பல கல்வெட்டுகள் வலமிருந்து இடமாகவே எழுதப்பட்டுள்ளன. கிரேத்தாவிற் கிடைத்த கி.மு. 500 அளவிலான வெண்கலச் சாசனம் ஒன்று ஸ்பென்சித்தியஸ் என்பவனை நகரின் எழுத்தனாக நியமிக்கின்றது. அவனது பதவிப்பெயர் பீனீசியர் என்னும் பெயரடியாகப் பிறந்தமை, பெற்ற இடத்தை அம்மக்கள் மறக்கவில்லை என்பதற்குத் தக்க சான்றாகும்.

கிரேக்கர் செய்தது யாது? பீனீசியரின் 22 எழுத்துகளும் மெய்யெழுத்துகளே. கிரேக்கத்தில் இல்லாத தொண்டையொலிகளைக் குறித்த எழுத்துகளை அவர்கள் உயிரெழுத்துகளாக்கினர். 'அலெப்' ஆகாரத்தையும் 'ஆயின்' ஓகாரத்தையும் குறிக்கலாயின. அரமேயரும் சில மெய்களை நெட்டுயிர்களைக் காட்ட ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தனராயினும், எல்லா உயிர்களையும் தவறாது எழுதும் முறை கிரேக்கரின் ஆக்கமே. எழுத்து அயலாருடையது என்பதும் அதன் திருத்தம் கிரேக்கருடையது என்பதும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல.

காலம் பற்றிய விவாதம்

இம்மாற்றம் நிகழ்ந்த காலமே கடும் விவாதத்துக்கு உரியதாயிற்று. எழுத்துச் சான்று இல்லாமையையே காரணமாகக் கொண்டு 1933இல் றைஸ் காப்பென்ரர் அதனைக் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு உரியதாக்கினார். 1973இல் யோசப் நாவே, எழுத்து வடிவங்களும் எழுதும் திசையின் நிலையாமையும் கி.மு. 1100 அளவிலான கானானிய எழுத்தையே ஒத்துள்ளன என வாதிட்டார். ஏதென்சின் திப்பிலோன் சாடி கி.மு. 740 அளவிலும், இத்தாலியக் கரையோரத் தீவான பித்தெகுசையிற் கிடைத்த நெஸ்தர் கிண்ணம் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலும் பொறிக்கப்பட்டவை. உரோமுக்கு அண்மையிலுள்ள காபியின் இடுகாட்டுக் கலம் ஒன்றின் கீறல்கள் இவற்றினும் முற்பட்டவையாதலால் காப்பென்ரரின் முடிவு தளர்ந்தது. நாவே கூறிய காலத்தை நிறுவும் கிரேக்கப் பொறிப்பும் கிடைத்திலது. கி.மு. 9ஆம் நூற்றாண்டின் இறுதியோ 8ஆம் நூற்றாண்டின் தொடக்கமோ பொருந்தும் என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து.

நோக்கம் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. மேற்கூறிய சாடியிலும் கிண்ணத்திலும் உள்ளவை கணக்குகள் அல்ல, செய்யுள்கள். இதனைக் கொண்டு பரி பவல் 1991இல், ஹோமரின் பாடல்களைப் பதிவு செய்யவே உயிரெழுத்துகள் ஆக்கப்பட்டன என்றார். வணிகரே எழுத்தைப் பரப்பினர் என்போர், கணக்குகள் தோலிலும் மரப்பலகையிலும் எழுதப்பட்டு அழிந்திருக்கும் என விடையிறுப்பர். மட்கலம் எஞ்சுவதும் தோல் அழிவதும் இயல்பாகையால் எஞ்சியவற்றைக் கொண்டு மட்டும் நோக்கத்தைத் துணிதல் பொருந்தாது.

ஒரு மொழியினராயினும் கிரேக்கர் ஓர் எழுத்தினராக நெடுங்காலம் இருக்கவில்லை. ஒவ்வொரு நகரமும் தனக்கென எழுத்து வடிவங்களைப் பேணியது. லிலியன் ஜெபரி 1961இல் வெளியிட்ட நூல் இவ்வட்டார வேறுபாடுகளை விரிவாக ஆராய்ந்தது. ஏதென்சு நகரம் அயோனிய எழுத்தை அரசாங்க எழுத்தாக ஏற்றது கி.மு. 403இலேயே ஆகும். எழுத்து கிரேக்கரை ஒன்றுபடுத்தியது எனக் கூறுவதிலும், ஒன்றுபட்ட கிரேக்கர் எழுத்தை ஒருமைப்படுத்தினர் எனக் கூறுவதே பொருத்தமாகும்.

இக்கால வாதங்கள்

1987இல் மார்ட்டின் பேணல் வெளியிட்ட 'கறுப்பு அத்தீனா' இவ்விவாதத்தைப் பல்கலைக்கழகங்களுக்கு வெளியேயும் கொண்டு சென்றது. எகிப்தியருக்கும் பீனீசியருக்கும் கிரேக்கர் பட்ட கடனை 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர் இனவெறி காரணமாக மறைத்தனர் என்பது அவரது குற்றச்சாட்டு. புலமை வரலாறு பற்றிய அவரது கண்டனத்தில் உண்மை உண்டெனப் பலர் ஏற்றனர். ஆயின், எழுத்து கி.மு. 1400க்கு முன்னரே கிரேக்கரை அடைந்தது என்பது போன்ற அவரது முடிவுகளுக்குச் சான்று போதவில்லை. மறுபுறம், 1993இல் கஸ்தோரியா ஏரிக்கரையின் திஸ்பிலியோவிற் கிடைத்த புதிய கற்கால மரப்பலகையின் கீறல்களைக் கிரேக்க எழுத்தின் மூலமாகக் காட்ட விழைவோர் உளர். அக்கீறல்கள் எம்மொழியையேனும் குறித்தன என்பதற்கு ஆதாரமில்லை. அவற்றுக்கும் அல்பா பீற்றாவுக்கும் இடைப்பட்ட ஆயிரக்கணக்கான ஆண்டுகளை இணைக்கும் சான்றும் இல்லை. ஒரு சாரார் எல்லாவற்றையும் பிறரிடம் பெற்றதாகவும் மற்றொரு சாரார் எதனையும் பிறரிடம் பெறாததாகவும் கூறுவதில், இரு சாராரும் பழைமையே உரிமை என்னும் ஒரே எடுகோளை ஏற்கின்றனர்.

2017இல் வெளியான தொன்மரபணு ஆய்வு ஒன்றும் இங்கு குறிப்பிடத்தக்கது. மினோவரும் மைசீனியரும் தமது வழிமரபில் குறைந்தது நான்கில் மூன்று பங்கை மேற்கு அனத்தோலியாவினதும் ஏஜியன் பகுதியினதும் புதிய கற்கால விவசாயிகளிடமிருந்து பெற்றனர் என்றும், மைசீனியரிடம் வடக்கிலிருந்து வந்த ஒரு கூறும் கலந்துள்ளது என்றும் அது காட்டிற்று. எவன்ஸ் முற்றாக வேறுபடுத்திய இரு மக்கட் கூட்டத்தினரும் உடலால் நெருங்கியவர்களாக இருந்தனர். ஆயினும் அவர்களுடைய ஏடுகள் இரு மொழிகளில் எழுதப்பட்டன என்றே கருதப்படுகின்றது. இனமும் மொழியும் ஒன்றெனக் கொள்வது எத்துணைத் தவறானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மொழி முந்தியது, எழுத்து பிந்தியது, இன உணர்வு அதற்கும் பிந்தியது என்பது பெறப்படும். கிரேக்கர் இருமுறை எழுதக் கற்றனர். இருமுறையும் வேற்றுமொழியாளரிடமிருந்தே கற்றனர். அதனால் ஹோமரின் பெருமையோ தூசிடைடிசின் நுண்மாண் நுழைபுலமோ சிறிதும் குறையவில்லை. தம் முன்னோர் பிறமொழி பேசியோர் என ஏதென்சு மக்களுக்கு உரைக்கவும், தம் எழுத்து அயலாரின் கொடை என ஒப்புக்கொள்ளவும் ஹெரோடோட்டஸ் தயங்கவில்லை. தத்தம் இனத்தின் தொன்மையை நிறுவுவதே வரலாற்றின் பணி எனக் கருதும் போக்கு எந்நாட்டிலும் எளிதில் தலைதூக்கக் கூடியது. அத்தகைய காலங்களில், வரலாற்றின் தந்தை எனப்படுபவரின் அந்நேர்மை வரலாற்று மாணவர் போற்றிப் பின்பற்றத்தக்கதாகும்.