ஒன்றாம் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு: ஜவ்வாது மலைக் குழந்தைகள் எவ்வளவு நேரம் திரை பார்க்கலாம்? சிக்கல் எங்கே?

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பள்ளியிலும் திரை தேவையா? சென்னையில் இதைக் கேட்டால், "வீட்டுலயே போனை விட்டு இறங்க மாட்டேங்குது, ஸ்கூல்லயும் எதுக்கு?" என்பதுதான் பல பெற்றோரின் பதிலாக இருக்கும்.

ஜவ்வாது மலையில் நிலைமை வேறு. பல கிராமங்களில் செல்போன் சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் ஆறு வயதுக் குழந்தையிடம் சொந்தமாகப் போன் கிடையாது. வகுப்பறையில் மாட்டியிருக்கும் பெரிய திரைதான், சில குழந்தைகளுக்குத் தினமும் பார்க்கக் கிடைக்கும் ஒரே திரை. அப்படியென்றால் இங்கே பிரச்னையே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது நிமிடக் கணக்கில் மட்டும் இல்லை.

மலையில் என்னென்ன பள்ளிகள்?

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர் தாலுகா தலைமையிடம். மக்களில் பெரும்பாலானோர் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இவர்களின் தாய்மொழி தமிழ்தான். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்று சொல்வார்கள்.

இங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. வனத்துறையே நடத்தும் பள்ளிகளும் உண்டு. கல்வித்துறை அறிவிக்கும் எல்லாத் திட்டமும் எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில் வந்து சேரும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். துறை மாறினால் நிதி வரும் வழியும் மாறும்.

திரை எப்படி வந்தது?

2018-ல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சடித்தார்கள். ஆசிரியரின் போனில் ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும். 2019 ஆகஸ்ட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து பள்ளிகளை மூட, அந்த டிவிதான் பல வீடுகளில் பள்ளிக்கூடம் ஆனது. டிவியும் இல்லாத, சிக்னலும் இல்லாத மலை வீடுகளில் என்ன ஆனது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, எழுத்தே பழகாமல் மூன்றாம் வகுப்புக்குப் போன குழந்தைகள் தமிழ்நாடு முழுக்க இருந்தார்கள்.

அந்த இழப்பைச் சரிசெய்ய வந்ததுதான் 'எண்ணும் எழுத்தும்'. 2022 ஜூன் மாதம் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பிழையில்லாமல் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இலக்கு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளை வகுப்பை வைத்துப் பார்க்காமல், அவர்களுக்கு என்ன தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். கதை, பாட்டு, பொம்மலாட்டம் எல்லாம் இதில் உண்டு.

கூடவே ஸ்மார்ட் வகுப்பறைகளும் வந்தன. சுமார் 455 கோடி ரூபாயில் 22,931 அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை, 79,723 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி என்பது அரசின் திட்டம். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டேப் கொடுத்தது ஆசிரியருக்கு, குழந்தைக்கு இல்லை. குழந்தைக்கு இருப்பது வகுப்பு முழுக்கச் சேர்ந்து பார்க்கும் ஒரு பெரிய திரை. ஆளுக்கொரு கருவி கொடுப்பதைவிட இது எவ்வளவோ நல்லது. குனிந்து, தனியாக, முகத்துக்கு அருகில் வைத்துப் பார்க்கும் வேலை இதில் இல்லை.

சரி, எவ்வளவு நேரம் பார்க்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: 2 முதல் 4 வயது வரை உட்கார்ந்தபடி திரை பார்ப்பது ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல்படி 2 வயதுக்குள் திரையே வேண்டாம். 2 முதல் 5 வரை பெரியவர் மேற்பார்வையில் அதிகபட்சம் 1 மணி நேரம். 5 முதல் 10 வயது வரை 2 மணி நேரத்துக்குள். நம் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் இந்தக் கடைசி வரிசையில் வருகிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமோ 2016-லேயே, 6 வயதுக்கு மேல் குறிப்பிட்ட எண் எதையும் சொல்வதை விட்டுவிட்டது. தூக்கம், விளையாட்டு, படிப்பு இவற்றைத் திரை சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் அறிவுரை.

இன்னொரு கணக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2020 ஜூலையில் மத்திய கல்வித் துறை 'பிரக்யதா' என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தினமும் 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு ஆன்லைன் வகுப்புகள் வரை நடத்தலாம் என்றது. இரண்டு 45 என்றால் 90 நிமிடம். "அரசே 90 நிமிடம் சொல்லியிருக்கே" என்று இதை எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. அது பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, ஆசிரியரைப் பார்க்க வேறு வழியே இல்லாத நேரத்துக்கு எழுதியது. ஆசிரியர் எதிரிலேயே நிற்கும்போது அந்த 90 நிமிடத்துக்கு என்ன வேலை? அதோடு, 2 மணி நேரத்தில் 90 நிமிடத்தைப் பள்ளியே எடுத்துக்கொண்டால் வீட்டுக்கு மிச்சம் அரை மணி. ஒரு சீரியலுக்குச் சரியாகப் போய்விடும்.

உண்மையான சிக்கல்: டிவி இரண்டாவது டீச்சர் ஆவது

கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 குழந்தைகளுக்குள் படிக்கும் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். மலைக் கிராமங்களில் பல தொடக்கப் பள்ளிகள் இந்த அளவுக்குள்தான் இருக்கும். ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ மலை இறங்கினால், அன்று ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள்.

இப்போது அந்த அறையை நினைத்துப் பாருங்கள். அரும்பு நிலையில் நாலு பேர், மொட்டில் ஆறு பேர், மலரில் ஐந்து பேர். ஆசிரியர் அரும்புக் குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து 'க', 'கா' சொல்லிக் கொடுக்கிறார். மற்றவர்கள் சத்தம் போடாமல் இருக்க வேண்டுமே? திரையைப் போட்டுவிடலாம். ஒரு பாட்டு, அடுத்து ஒரு கதை, அடுத்து இன்னொன்று. யாரும் தப்பான எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் மதியத்துக்குள் ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். அரும்புக் குழந்தைகளின் காதும் கண்ணும் 'கா'-வில் இருக்காது, திரையில்தான் இருக்கும். ஒரே அறையில் திரை ஓடினால் அது எல்லோருக்கும் ஓடுகிறது.

இதற்குக் காரணம் திரை இல்லை, ஆள் பற்றாக்குறை. அதனால்தான் "எத்தனை நிமிடம்" என்று மட்டும் கேட்டால் பதில் பாதிதான் கிடைக்கும். திரை ஓடும்போது ஆசிரியர் எங்கே இருந்தார் என்பதுதான் அடுத்த பாதி.

ஆசிரியர் பக்கத்தில் நின்று, வீடியோவை நடுவில் நிறுத்தி, "இப்ப நரி என்ன பண்ணும்?" என்று கேட்கும்போது அது பாடம். சின்னக் குழந்தைகள் திரையில் பார்ப்பதைவிட, எதிரில் பேசும் மனிதரிடமிருந்தே வேகமாகக் கற்கிறார்கள் என்பது பல ஆண்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. வயது குறையக் குறைய இந்த வித்தியாசம் கூடும்.

ஜவ்வாது மலையில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. குழந்தை வீட்டில் பேசுவது மலைத் தமிழ். பாடநூலிலும் வீடியோவிலும் வருவது வேறு தமிழ். சாமை எப்படி விளையும், பலாப்பழத்தை எப்படி வெட்டணும், தேனீ எங்கே கூடு கட்டும் என்பதெல்லாம் அந்தக் குழந்தைக்கு நமக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே தெரியும். ஆனால் அனிமேஷனில் வருவது கடற்கரை, ரயில் நிலையம், ஷாப்பிங் மால். இந்த இரண்டுக்கும் நடுவில் பாலம் போட ஆசிரியரால்தான் முடியும். "உங்க ஊட்ல இதுக்கு என்ன சொல்வீங்க?" என்று வீடியோ கேட்காது.

அப்போ திரையே வேண்டாமா?

அப்படிச் சொல்வது மலைக் குழந்தைக்குச் செய்யும் அநியாயம். கடலைப் பார்த்தே இராத குழந்தைக்கு அலையைக் காட்ட கரும்பலகையால் முடியாது. ஐந்து நிமிட வீடியோ அதைச் செய்துவிடும். அமெரிக்காவில் 1969-ல் தொடங்கிய 'செசாமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சி, நன்றாகத் தயாரித்த திரைப் பாடம் ஏழைக் குழந்தைகளுக்கு உதவும் என்பதைக் காட்டியது. நம் நாட்டிலும் ஓர் எளிய யோசனை உண்டு. டிவியில் வரும் பாட்டுக்கு அதே மொழியில் வரிகளைக் கீழே ஓடவிட்டால், பார்ப்பவர்களின் வாசிப்பு மேம்படுகிறது என்பதை ஐஐஎம் அகமதாபாத்தில் 1996-ல் தொடங்கிய முயற்சி சோதித்துப் பார்த்தது. வகுப்பில் பாட்டு வீடியோ போடும்போது தமிழ் வரிகளும் திரையில் வருகிறதா என்று பார்த்துப் போடலாம். செலவே இல்லாத வேலை.

மறுபக்கம், யுனெஸ்கோ 2023-ல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை, ஆசிரியருக்குத் துணையாக இருக்கும்வரைதான் தொழில்நுட்பம் பயன் தரும், அவர் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்ற பொருளில் எச்சரித்தது. மழலையர் பள்ளியிலேயே டிஜிட்டல் கருவிகளைக் கட்டாயமாக்க நினைத்த ஸ்வீடன், அதே ஆண்டு பின்வாங்கி அச்சுப் புத்தகத்துக்குப் பணம் ஒதுக்கியது. பணக்கார நாடே யோசிக்கிறது என்பதற்காக நாமும் அப்படியே செய்ய வேண்டியதில்லை. அவர்களுக்கு நூலகம் ஏற்கெனவே இருக்கிறது. நம் மலைப் பள்ளிக்கு இரண்டுமே தேவை.

கண்ணுக்கு என்ன ஆகும்?

பெற்றோர் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். கிட்டப்பார்வை உலகம் முழுக்கக் கூடி வருகிறது. ஆனால் திரையைக் குறைப்பது போலவே முக்கியமான இன்னொன்று உண்டு: வெளிச்சத்தில் விளையாடுவது. சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 12 பள்ளிகளில் பாதியில் மட்டும் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், வழக்கம் போல நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதக் குழந்தைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். தைவானும் தினமும் 2 மணி நேரம் வெளியே என்பதை 2010 முதல் பள்ளிகளில் ஊக்குவிக்கிறது.

இந்த விஷயத்தில் ஜவ்வாது மலை கொடுத்து வைத்தது. பள்ளியைத் தாண்டினாலே மரம், மேடு, வயல். இதே மலையில் காவலூரில்தான் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. தூரத்தைப் பார்ப்பதற்கென்றே நாடு தேர்ந்தெடுத்த இடம் இது. இங்கே விளையாட்டு பீரியடை வெட்டி வீடியோ போடுவது, கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு இல்லாததை வாங்குவது மாதிரி.

திரை போடும்போது முதல் வரிசையைக் குறைந்தது 2 மீட்டராவது தள்ளி உட்கார வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுக் கூசாமல் பாருங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி, வெளியே தூரத்து மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆசிரியர் கையில் இருக்கும் திரை

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளின் மதிப்பீட்டை ஆசிரியர் செயலியில் ஏற்ற வேண்டும். வருகைப் பதிவும் செயலியில்தான். நெட்வொர்க் நன்றாக இருக்கும் ஊரிலேயே இது நேரம் பிடிக்கும் வேலை என்று ஆசிரியர் சங்கங்கள் குறை சொல்லி வந்தன. சிக்னல் விட்டு விட்டு வரும் மலையில் கேட்கவே வேண்டாம். ஆசிரியர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரமும் குழந்தைக்குத் திரை நேரம்தான், பார்ப்பது அவர் என்றாலும். பதிவேற்றத்தை பள்ளி நேரத்துக்கு வெளியே தள்ளுவது தீர்வு இல்லை, அது அவர் வீட்டு நேரம். சிக்னல் இல்லாமல் பதிந்து, பிறகு தானாகவே ஏறும் வசதியை மலைப் பள்ளிகளுக்கு உறுதி செய்தாலே பாதிச் சுமை குறையும்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். அந்தக் கூட்டத்தில் "டிவி நல்லதா கெட்டதா" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். அதைவிட, நேற்று எத்தனை நிமிடம் ஓடியது, அப்போது சார் அல்லது டீச்சர் கூட இருந்தாரா, அது முடிந்ததும் குழந்தைகள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். படம் வரைந்தார்கள், கதையைத் திருப்பிச் சொன்னார்கள் என்றால் நல்லது. அடுத்த வீடியோ போட்டார்கள் என்றால் இன்னும் ஓர் ஆசிரியர் வேண்டும் என்று அந்தக் குழுவே தீர்மானம் போடலாம்.

உறைவிடப் பள்ளிக் குழந்தைகள் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. இந்த மலையில் இருந்து காபித் தோட்டம், கட்டட வேலை என்று மாதக் கணக்கில் வெளியூர் போகும் பெற்றோர் நிறைய. கைக்குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்க மருத்துவர்கள்கூட வீடியோ காலை மட்டும் விலக்கி வைக்கிறார்கள், அதில் எதிரில் பேசுவது மனிதர் என்பதால். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வார்டன் குழந்தையை அழைத்துப் போய் அம்மாவின் முகத்தைப் பத்து நிமிடம் காட்டினால், அதை எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம்.